இரண்டாம் கியருக்கு மேல்

என் ஆபீஸ் இருந்த கட்டடத்தில் கார் வாங்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் பேங்குக்குப் போக மாட்டார்கள். லிஃப்டைப் பிடித்து பேஸ்மென்ட் பார்க்கிங்குக்கு இறங்குவார்கள். அங்கே ரிவர்ஸ் அண்ணன் இருப்பார். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். முதலில் காருக்கு விலை விசாரித்தவனும் நான்தான். கலந்து பேச வீட்டில் விவரம் தெரிந்த ஆள் இல்லாததால் நானும் ஒரு நாள் இறங்கினேன்.

அப்போது அவர் ஒரு பெரிய வெள்ளைக் காருக்கும் தூணுக்கும் நடுவே வயிற்றை எக்கிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். நெட்டை ஆள்.

"என்ன வண்டி வாங்கலாம்னு கேக்க வந்தேண்ணே."

"வீட்டுல எத்தனை பேரு தம்பி?"

"நாலு பேரு."

"அதுல யாரு ரொம்பப் பேசுவாங்க?"

"எங்க அத்தை."

"அப்ப பின் சீட்டு நல்லா இருக்கற வண்டியா பாரு. அவங்க சாஞ்சு உட்கார்ந்தாத்தான் தூங்குவாங்க. அவங்க தூங்கினாத்தான் நீ ஓட்டுவே."

இப்படி ஆரம்பித்த பழக்கம்தான். இனிமேல் வருவது, அவரும் அவர் மனைவியும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு எனக்குச் சொன்னது.

கட்டடத்தின் கீழ்த் தளங்களில் கண் ஆஸ்பத்திரி, மேலே ஆபீஸ்கள். வருகிறவர்கள் வாசலில் வண்டியை விட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதைக் கீழே இறக்கித் தூண்களுக்கு நடுவே சொருகி வைப்பதும், திரும்பக் கேட்டால் மேலே கொண்டுவந்து விடுவதும் அவர் வேலை. எந்த வண்டியானாலும் பின்பக்கமாகத்தான் நிறுத்துவார். வாசல் கூண்டில் டோக்கன் கொடுக்கும் அம்மாள் வைத்த பெயர்தான் ரிவர்ஸ். மனைவி தவிர மற்ற எல்லோருக்கும் அதுவே நிலைத்துவிட்டது. மனைவி அதே ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அவருக்கு இவர் 'என்னங்க.'

ஊரில் ஓடும் கார்களில் ரிவர்ஸின் கை படாத ரகம் கிடையாது. ஆனால் எல்லாவற்றையும் அவர் ஓட்டியது வாசலிலிருந்து தூண் வரைக்கும்தான். கிளம்ப முதல் கியர், சரிவில் இரண்டாவது, அப்புறம் பின்னால். மூன்றாவது கியரை அவர் வாழ்க்கையில் போட்டதே இல்லை. லைசென்ஸ் எடுத்த நாளிலும் மைதானத்துக்குள் வளைந்து வளைந்து ஓட்டிக் காட்டியதோடு சரி. வெளி ரோட்டில் ஓட்டச் சொல்லி யாராவது சாவியை நீட்டினால், "நமக்கு ராசி பின்பக்கம்" என்று சிரித்து மழுப்பிவிடுவார். வீட்டுக்கும் வேலைக்கும் பஸ். இந்த விஷயம் அவரைத் தவிர ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது.

தெரியாமல் போனதற்குக் காரணம் அவர் வாய். கார்த் தொழில் எங்கே போகிறது என்று கம்பெனிக்காரர்களுக்கே புத்தி சொல்லும் தோரணையில் பேசுவார்.

"வண்டி வருஷா வருஷம் பெருக்குது. இந்தத் தரையில போட்ட கோடு பெருக்குதா? இவனுங்க வண்டியைத் தடியாக்கிக்கிட்டே போவானுங்க, நான் இளைச்சுக்கிட்டே போகணுமா?" என்பார். நிறத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், "முன்ன பச்சை, மஞ்சள், ரத்தச் சிவப்புன்னு வரும். இப்ப வெள்ளை, சாம்பல், கறுப்பு. 'என் வண்டி வெள்ளைங்க'ன்னு வந்து நிக்கறாங்க. ஏன் சார், ஆஸ்பத்திரியில தொலைஞ்ச பல்செட்டைக் கேட்டு 'என் பல்லு வெள்ளைங்க'ன்னா எப்படித் தேடிக் குடுக்கறது?" என்று கேட்பார். முகப்பு விளக்குகளும் பிடிக்காது. எல்லா வண்டியும் கடன்காரனைப் பார்த்த மாதிரி முறைக்கிறதாம். ஏசிக்கும் ரேடியோவுக்கும் இருந்த திருகு பொத்தான்களை எடுத்துவிட்டுப் பெரிய திரை வைத்ததில் தீராத கோபம். ஏசியைக் குறைக்கத் திரைக்குள் மூன்று கதவு தட்ட வேண்டியிருக்கிறது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்புவார். சில கம்பெனிகள் மறுபடியும் பொத்தான்களுக்குத் திரும்புகின்றன என்று பேப்பரில் வந்த நாளில், தானே வழக்குப் போட்டு ஜெயித்தவர்போல எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

கரண்ட் கார் என்றால் மட்டும் விளக்கமே தேவையில்லை. "சக்கரம் வெச்ச செல்போன்" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார். அந்த வார்த்தை மாடி ஆபீஸ்கள் வரைக்கும் பரவி, இரண்டு பேர் கரண்ட் கார் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள்.

இந்த நிலையில்தான் கண் ஆஸ்பத்திரி பக்கத்து ஊரில், நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு கிளை திறப்பது என்று முடிவானது. தலைமை நர்ஸாக வர முடியுமா என்று அவர் மனைவியைக் கேட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். மனைவிக்கு அந்த வேலையில் சேர எவ்வளவு ஆசை என்று சொல்லவே வேண்டாம். புதுத் தியேட்டரில் எந்த மேசை எங்கே இருக்க வேண்டும் என்று வீட்டுச் சாப்பாட்டு மேசையில் டம்ளர்களை நகர்த்தி நகர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார். சிக்கல் ஒன்றுதான். காலை ஆபரேஷன் தொடங்கும் முன் அங்கே இருக்க வேண்டும். இரண்டு பஸ் மாறிப் போனால் முடியாது. சாயங்காலம் திரும்பும்போது பஸ் போதும். காலையில் கார் இல்லாமல் ஆகாது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? ஊருக்கே கார் சொல்ற ஆளு என் வீட்டுல இருக்காரு. காலையில என்னைக் கொண்டுபோய் விட்டுட்டு உங்க டியூட்டிக்கு வந்துடலாம். நான் கத்துக்கற வரைக்கும்தான்" என்றார் மனைவி.

ரிவர்ஸ் பாதிச் சாப்பாட்டில் கை கழுவ எழுந்துவிட்டார்.

அன்றிலிருந்து அவர் வாயில் எந்த வண்டியும் தேறவில்லை. ஒன்றுக்குக் கதவு பிஸ்கட் டின் மாதிரிச் சத்தம் போடுகிறது. ஒன்றுக்கு ஸ்டெப்னியே இல்லை, பஞ்சர் ஆனால் ஒட்டச் சொல்லிப் பசை டப்பா கொடுக்கிறான். இன்னொன்று லேன் மாறினால் திட்டுகிறது. மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில், "கிளம்புங்க, ஷோரூமுக்குப் போறோம்" என்று மட்டும் சொன்னார்.

ஷோரூமில் டை கட்டிய பையன் ஒருவன் சின்னப் பெட்ரோல் கார் ஒன்றைக் காட்டினான். அது இரண்டு வண்டிகளுக்கும் சுவருக்கும் நடுவே இறுக்கமாக நின்றது. "நான் வெளிய எடுத்துத் தரேன் சார்" என்று அவன் முன்னால் வந்தான்.

"நீ தள்ளி நில்லு தம்பி."

வெண்ணெயில் கத்தி போல அந்த வண்டி பின்னால் வழுக்கி வெளியே வந்தது. பையன் வாயைப் பிளந்தான். மனைவி பின் சீட்டில் ஏறும்போதே முகமெல்லாம் பெருமை. பையன் முன்னால் ரிவர்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அதோடு ரோட்டுக்கு வந்தார்கள்.

முதல் கியர். இரண்டாவது. வண்டி வேகம் பிடித்தது. ரிவர்ஸின் கை கியர்த் தடியின்மேல் போய், ஏதோ சுட்டதுபோல ஸ்டியரிங்குக்கே திரும்பி வந்தது. இன்ஜின் உறுமத் தொடங்கி, உறுமல் அலறலாக மாறியது. ஸ்கூட்டரில் போன ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்துவிட்டு முந்திக்கொண்டு போனார்.

"சார், மூணாவது போடலாமே."

"இருப்பா. இன்ஜின் என்ன சொல்லுதுன்னு கேக்கறேன்."

"அது அழுவுது சார்."

"அழட்டும். அழும்போதுதான் ஒரு வண்டியோட குணம் தெரியும்."

பையன் திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தான். அவர் மனைவி வண்டியைக் கவனிக்கவில்லை. கணவரின் பின்கழுத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஏசி ஓடும் காருக்குள் அந்தக் கழுத்திலிருந்து வேர்வை காலருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து இறங்கியதும், "கிளட்ச் சரியில்ல" என்றார் ரிவர்ஸ். "சரிங்க" என்றார் மனைவி. பையன் மட்டும் காரைப் பரிதாபமாகத் தடவிக் கொடுத்தான்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தார்கள். டீ வரும்முன் மனைவி அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார்.

"என்னம்மா, நடு ரோட்டுல?"

"பேசாதீங்க." கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையை விட்டார். "கண்ணுல கத்தி வைக்கப் போறோம்னு சொன்னா பேஷன்டுக்கு இப்படித்தான் அடிக்கும். சொல்லுங்க. எதுக்குப் பயந்தீங்க?"

"பயமெல்லாம் இல்ல. பழக்கமில்ல."

"ஊசிக்குக் கை நீட்டறப்ப எல்லாரும் சொல்றது அதேதான்."

ரிவர்ஸ் டீயை ஊதினார். ஆறிப்போன டீயை மறுபடியும் ஊதினார். அப்புறம் சொல்லிவிட்டார். மூன்றாவது கியர் போட்டதே இல்லை. வெளி ரோட்டில் ஓட்டினதே இல்லை. கண்ணாடியில் பார்த்தே பழகிவிட்டது, முன்னால் இவ்வளவு ரோடு நீட்டிக்கொண்டு கிடந்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை.

மனைவி சிரிப்பை அடக்கப் பார்த்தார். அடங்கவில்லை. டீ மூக்கில் ஏறியது. கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

"அப்ப ஸ்டெப்னி இல்ல, கதவு டின்னு, வண்டி முறைக்குதுன்னதெல்லாம்?"

"அதெல்லாம் நெஜந்தான்!" என்றார் ரிவர்ஸ் ரோஷத்தோடு. "அதுல ஒரு வார்த்தை பொய் கிடையாது. ஆனா…" நிறுத்தினார். "நீ வேணும்னா அவங்ககிட்ட முடியாதுன்னு சொல்லிடறியா?"

மனைவியின் சிரிப்பு நின்றுவிட்டது. "அந்த டம்ளரையெல்லாம் நான் சும்மாவா நகர்த்தினேன்?" என்றார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தார். ரிவர்ஸுக்கு அந்த அரை மணி நேரம், அலறின இன்ஜினே தேவலாம் என்று இருந்தது.

மறுநாள் தியேட்டரில் கண் டாக்டரம்மா பேச்சுவாக்கில் ஒன்றைச் சொன்னார். மகளோடு வெளிநாட்டில் போய் இருக்கப் போகிறாராம், தன் சின்னக் கரண்ட் காரை நல்ல கையாகப் பார்த்து விற்றுவிட்டுப் போக வேண்டுமாம். மனைவி மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நேரே பேஸ்மென்ட்டுக்கு இறங்கி வந்தார்.

"மூணாவது கியரே இல்லாத வண்டி எதுங்க?"

"ஆட்டோமேட்டிக். ஆனா தினம் அவ்வளவு தூரம் போய் வந்தா பெட்ரோலைக் குடம் குடமா குடிக்கும்."

"பெட்ரோலே குடிக்காத வண்டி?"

ரிவர்ஸ் கூண்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஊருக்கெல்லாம் நான் என்ன சொல்லி வெச்சிருக்கேன்னு உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும். புதுக் கிளையில சார்ஜ் போட இடம் வெச்சிருக்காங்க, அதுவும் எனக்குத் தெரியும். டாக்டரம்மா வண்டி எப்படி? ஊருக்குச் சொல்றத விட்டுட்டு எனக்குச் சொல்லுங்க."

அந்த வண்டியை அவர்தான் தினமும் நிறுத்துகிறார். ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர்போல, "தங்கமான வண்டி" என்றார். "ரிவர்ஸ் எடுத்தா பூனை பின்னால நடக்கற மாதிரி வரும்."

"அப்ப வெள்ளிக்கிழமை காலையில அதுல என்னைக் கிளைக்குக் கூட்டிட்டுப் போங்க. போய்ச் சேர்ந்தா நேர்லயே சரின்னு சொல்லிடறேன். சேரலைன்னா முடியாதுன்னு சொல்லிடறேன்."

அதற்குள் மனைவி விலை பேசி முன்பணமும் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் டாக்டரம்மா சாவியை அவர் கையில் வைத்து, "நீங்க இதை என்னைவிட நல்லா பார்த்துக்கிட்டீங்க" என்றார். மனைவி முன் சீட்டில் ஏறிக்கொண்டார். வண்டி சத்தமில்லாமல் சரிவேறி வாசலுக்கு வந்தது. டோக்கன் அம்மாள் கூண்டிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டினார்.

"அண்ணே! செல்போன்ல ஏறி எங்க கிளம்பிட்டீங்க? டவர் கிடைக்குமா?"

"கேட்டைத் திறம்மா."

"சார்ஜரை மறந்துடாதீங்க. மிஸ்டு கால் குடுங்கண்ணே!"

ஊர் எல்லை வரைக்கும் தட்டுத் தடுமாறி வந்துவிட்டார். நெடுஞ்சாலை ஏறியதும் சாலை அகலமாக விரிந்தது. ரிவர்ஸின் கண் பழக்கதோஷத்தில் நடுக்கண்ணாடிக்கே போய்க்கொண்டிருந்தது. பின்னால் லாரி, பக்கத்தில் பஸ், மறுபடி பின்னால்.

"என்னங்க, ரோடு முன்னாடி இருக்கு."

"தெரியுது."

"அப்புறம் ஏன் வந்த ஊரையே பார்க்கறீங்க?"

லாரி ஹாரன் அடித்தது. ரிவர்ஸ் காலை அழுத்தப் பார்த்தார். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே ஒரு சாண் இடம்கூட இல்லை, முதுகு கூன் விழுந்திருந்தது. இந்தக் கோலத்தில் எப்படிப் போய்ச் சேருவது என்று அவருக்கே தெரியவில்லை. மனைவி இப்போதுதான் அவரைத் தலை முதல் கால்வரை பார்த்தார்.

"ஏன் இப்படி மடிஞ்சு உட்கார்ந்திருக்கீங்க?"

"டாக்டரம்மா குள்ளம். சீட்டு அவங்களுக்கு வெச்சது."

"பின்னால நகர்த்திக்க வேண்டியதுதானே?"

"சீட்டைத் தொடக் கூடாதும்மா" என்றார் ரிவர்ஸ் சாதாரணமாக.

பார்க்கிங் வேலையில் சேருகிறவனுக்கு முதல் நாளே சொல்லும் சட்டம் அது. வண்டிக்காரர் வைத்த சீட்டையும் கண்ணாடியையும் தொடக் கூடாது. குள்ளமானவர் வண்டியில் மடங்கு, நெட்டையானவர் வண்டியில் நுனியில் உட்கார், தூண் வரைக்கும் ஒப்பேற்று. அவர் எந்தக் காரிலும் தனக்கென்று சீட்டை நகர்த்தியது கிடையாது. அது நகரும் என்பதே கைக்கு மறந்து போயிருந்தது.

"ஏங்க," என்றார் மனைவி மெதுவாக, "இது யாரு வண்டி?"

ரிவர்ஸ் இண்டிகேட்டர் போட்டு, ஓரமாக, ஒரு புளியமரத்து நிழலில் நிறுத்தினார். சீட்டுக்கு அடியில் கையை விட்டுக் கம்பியைத் தேடினார். எத்தனையோ கார்களின் உள்ளும் புறமும் பேசியவருக்கு அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேடத்தான் வேண்டியிருந்தது. இழுத்தார். சீட்டு கடகடவென்று பின்னால் போய் நின்றது. கால் நீண்டது. முதுகு சாய்ந்தது. சாய்மானத்தை இன்னும் கொஞ்சம் இறக்கினார், மறுபடி ஏற்றினார். நடுக்கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினார், அதை ஒருமுறை பார்த்தார், அதோடு விட்டுவிட்டார்.

"சொகமா இருக்கா?"

"ம். உன் சீட்டு சரியா இருக்கா?"

"எனக்கு என்ன, நான் பேசறவ. தூங்க மாட்டேன். ஓட்டுங்க."

மறுபடி சாலை ஏறினார்கள். இரண்டாவது கியர் அலறத் தொடங்குகிற வேகம் வந்ததும் ரிவர்ஸின் உடம்பு தானாக இறுகியது. கை கியர்த் தடியைத் தேடிக் கீழே போனது. அங்கே தண்ணீர் பாட்டில்தான் இருந்தது. வண்டி அலறவில்லை. அலறாததால் எங்கே பயப்படுவது என்று உடம்புக்குத் தெரியவில்லை. காலை இன்னும் கொஞ்சம் அழுத்தினார். மரங்கள் பின்னால் போயின. முன்னால் போன டிராக்டரைச் சுற்றிக்கொண்டு போனார். அப்புறம் ஒரு பஸ்ஸை.

"அறுபது போறீங்க" என்றார் மனைவி திரையைப் பார்த்து.

"பொய் சொல்லாத."

"நான் ஏன் சொல்றேன்? உங்க டிவி சொல்லுது."

ரிவர்ஸ் ஓரக்கண்ணால் பார்த்தார். அறுபத்து நான்கு. அந்த எண்ணை அவர் எந்த வண்டியிலும் பார்த்ததில்லை. "எழுத்தாவது பெருசா போட்டிருக்கான்" என்றார். அவர் ஒரு திரையைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான் என்று மனைவி இன்றைக்கும் சொல்கிறார்.

கிளை ஆஸ்பத்திரியில் அப்போதுதான் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் பெரிய வெறும் மைதானம். ஒரு வண்டி இல்லை, ஒரு தூண் இல்லை. எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். ரிவர்ஸ் ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து, அங்கே இல்லாத இரண்டு வண்டிகளுக்கு நடுவே போல, அளந்து பின்பக்கமாக நிறுத்தினார். பெயின்ட் அடிக்கிறவர் தூரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

மனைவி சேலையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். ரிவர்ஸ் பானெட்டில் சாய்ந்து நின்றார். கொஞ்ச நேரத்தில் மனைவி படியிறங்கி வந்தார். முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது, ஆனாலும் கேட்டார்.

"என்ன சொன்னே?"

"ஒண்ணாந்தேதி சேர்றேன்னு சொல்லிட்டேன். ஸ்டெரிலைசர் வெச்ச இடம் தப்பு, ஜன்னல் பக்கம் மாத்துங்கன்னும் சொல்லிட்டேன்."

"இன்னும் சேரவே இல்ல, அதுக்குள்ள குறையா?"

"உங்க கூட இத்தனை வருஷம் இருந்துட்டு அது கூட வரலைன்னா எப்படி?"

இப்போது அவர் மனைவிதான் அந்தக் கிளையின் தலைமை நர்ஸ். காலையில் அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, ரேடியோவைப் போட்டுக்கொண்டு ரிவர்ஸ் தனியாகத் திரும்பி வருகிறார். மனைவி சாயங்காலம் பஸ்ஸில் வருகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொள்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து கருத்துச் சொல்ல ரிவர்ஸுக்கு அனுமதி இல்லை. பேஸ்மென்ட்டில் அவர் வேலை அதேதான், கார்த் தொழிலைப் பற்றிய கோபமும் அதேதான். கரண்ட் காரைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும், "ஓட்டிப் பார்த்துட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்" என்கிறார்.